109.5 டிகிரி எங்கிருந்து வந்தது? நான்முகி வடிவத்தைக் கையால் பழகுவது எப்படி

காசிமேட்டிலிருந்து எண்ணூர் பக்கமாகக் கடலை ஒட்டிப் போனால், அலை கரையைத் தின்னாமல் இருக்கக் கொட்டிய கருங்கற்களுக்கு நடுவே நாலு கால் கான்கிரீட் கட்டைகள் கண்ணில் படும். டெட்ராபாட் என்பார்கள். 1950-இல் பிரான்சில் வடிவமைத்தது. அதை எப்படி உருட்டிவிட்டாலும் மூன்று கால் கீழே ஊன்றும், ஒரு கால் மேலே நிற்கும். எந்தக் கால் மேலே வந்தாலும் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும்.

பதினோராம் வகுப்பு வேதியியலில் நான்முகி வடிவம் என்று வருவது இதுதான். நடுவில் ஒரு கார்பன், நாலு கால் நுனியிலும் நாலு ஹைட்ரஜன் என்று வைத்தால் மீத்தேன். எந்த இரண்டு காலை எடுத்துக்கொண்டாலும் இடையில் 109.5 டிகிரி.

வியாசர்பாடியில் ஒரு மொட்டை மாடியில் சாயங்கால டியூஷன் எடுக்கிறேன். இந்தப் பாடத்துக்கு வரும் பிள்ளைகள் 109.5-ஐ முன்பே மனப்பாடம் செய்துவிட்டுத்தான் வருகிறார்கள். எங்கிருந்து வந்தது என்று கேட்டால், "புக்ல இருந்துதான் அக்கா" என்கிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் மீத்தேன், அமோனியா, தண்ணீர் மூன்றுக்கும் 109.5 என்று எழுதிவைத்து, ஒன்றுக்கு மட்டும் மார்க் வாங்கினேன். அதனால் இங்கே மனப்பாடம் கடைசியில்தான். முதலில் கைவேலை. ஒரு பெரிய உருளைக்கிழங்கு, துடைப்பத்திலிருந்து உருவிய ஈர்க்குச்சி நாலு, ஸ்கேல், கத்தி, ஒரு பாக்கெட் பலூன். இவ்வளவு போதும்.

தாளில் இருப்பதை நம்பாதீர்கள்

மீத்தேனைப் பலகையில் எப்படி எழுதுகிறோம்? நடுவில் கார்பன், மேலே கீழே இடப்பக்கம் வலப்பக்கம் என்று நாலு கோடு. கூட்டல் குறி மாதிரி. போன வருஷம் ஒரு பெண் எழுந்து, "கூட்டல் குறின்னா 90 டிகிரிதானே அக்கா, 109 எப்படி வரும்?" என்று கேட்டாள். அந்த வருஷம் யாரும் கேட்டதில் இதுதான் நல்ல கேள்வி. இந்தச் சந்தேகம் உங்களுக்கு வராமலே 109.5 என்று எழுதிக்கொண்டிருந்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பலகையில் போடும் படம் யார் யாரோடு கைகோத்திருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லும். எந்தத் திசையில் நிற்கிறார்கள் என்று சொல்லாது. ஒவ்வொரு கோடும் ஓர் எலக்ட்ரான் இரட்டை. எலக்ட்ரான்கள் எல்லாம் எதிர்மின் சுமை உடையவை, ஒன்றையொன்று தள்ளும். நாலு இரட்டைகளும் தாளின் மட்டத்திலேயே கிடக்க வேண்டுமென்றால், அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே 90 டிகிரிக்கு மேல் இடம் கிடைக்காது. தாளை விட்டு வெளியே வரலாம் என்று விட்டால் ஒன்று முன்னால் வரும், ஒன்று பின்னால் போகும், எல்லோருக்கும் 109.5 கிடைக்கும். கூடுதல் இடம் இருக்கும்போது யார் நெருக்கத்தில் நிற்பார்கள்?

இது வெறும் ஊகம் இல்லை. மீத்தேனில் இரண்டு ஹைட்ரஜனை எடுத்துவிட்டு இரண்டு குளோரின் வைத்தால் டைகுளோரோமீத்தேன். மூலக்கூறு தட்டையான சதுரமாக இருந்தால் அதில் இரண்டு வகை கிடைக்க வேண்டும்: குளோரின்கள் பக்கத்துப் பக்கத்து மூலையில் இருப்பது ஒன்று, எதிரெதிர் மூலையில் இருப்பது இன்னொன்று. ஆனால் எத்தனை முறை தயாரித்தாலும் ஒரே பொருள்தான் வருகிறது. நான்முகியில் எந்த இரண்டு மூலையும் பக்கத்து மூலைதான், எதிர் மூலை என்று ஒன்றே கிடையாது. ஆகவே ஒரு வகைதான் சாத்தியம்.

கார்பனின் நாலு பிணைப்பும் நான்முகியின் மூலைகளை நோக்கி நீள்கின்றன என்று 1874-இல் நெதர்லாந்தின் வான்ட் ஹாஃப் எழுதினார். அப்போது அவருக்கு 22 வயது. அதே வருஷம் பிரான்சில் லெ பெல் தனியாக இதே மாதிரி முடிவுக்கு வந்தார். ஜெர்மனியின் பெரிய வேதியியலாளர் கோல்பே, கால்நடை மருத்துவப் பள்ளியில் வேலை பார்க்கும் பையன் கற்பனைக் குதிரை ஏறிப் பறக்கிறான் என்கிற பாணியில் 1877-இல் கிண்டல் செய்தார். வேதியியலுக்கான முதல் நோபல் பரிசு 1901-இல் அந்தப் பையனுக்குத்தான் போனது. பரிசு வேறு ஆராய்ச்சிக்கு என்பது வேறு விஷயம்.

உருளைக்கிழங்கு மீத்தேன்

கிழங்கை 4 சென்டிமீட்டர் பக்கம் உள்ள கனசதுரமாக வெட்டிக்கொள்ளுங்கள். இந்த வேலையில் அவசரம் வேண்டாம். பக்கங்கள் கோணினால் கடைசியில் அளவு ஒத்துவராது.

கனசதுரத்துக்கு எட்டு மூலை. மேல் முகத்தில் குறுக்கே எதிரெதிராக உள்ள இரண்டு மூலைகளில் பேனாவால் புள்ளி வையுங்கள். கீழ் முகத்திலும் இரண்டு புள்ளி வேண்டும். ஆனால் மேலே புள்ளி வைத்த மூலைகளுக்கு நேர் கீழே வைக்கக் கூடாது, மற்ற இரண்டில் வையுங்கள். சரியாக வைத்தால் எந்தப் புள்ளியிலிருந்தும் மற்ற மூன்றுக்கும் ஒரே தூரம் இருக்கும்.

புள்ளி வைத்த நாலு மூலையிலும் ஈர்க்குச்சியைக் கிழங்கின் நட்டநடு மையத்தைப் பார்த்துக் குத்துங்கள். வெளியே ஆறரை சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருக்கும்படி வெட்டிவிடுங்கள். மூலையிலிருந்து மையம் வரை ஏறக்குறைய மூன்றரை, வெளியே ஆறரை, ஆக மையத்திலிருந்து ஒவ்வொரு குச்சியும் 10 சென்டிமீட்டர். தரையில் வையுங்கள். மூன்று குச்சியில் நிற்கும், ஒன்று மேலே பார்க்கும். கடற்கரையில் பார்த்த அதே நாலு கால்.

இப்போது பாகைமானியைத் தேடாதீர்கள், கிழங்குக்கு நடுவில் அதை வைக்க முடியாது. ஸ்கேல் போதும். ஏதாவது இரண்டு குச்சி நுனிகளுக்கு நடுவே அளந்தால் 16.3 சென்டிமீட்டர் வர வேண்டும். ஆறு ஜோடி உண்டு, ஆறையும் அளந்து பாருங்கள். எங்கள் மாடியில் முதல் முறை யாருக்கும் ஆறும் ஒத்துவந்ததில்லை. 16-க்கும் 16.6-க்கும் நடுவே வந்தால் நான் பாஸ் போட்டுவிடுவேன்.

கணக்குப் பிடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போகலாம். பக்கம் 2 என்று வைத்த கனசதுரத்தில் மையத்திலிருந்து மூலைக்கு தூரம் மூன்றின் வர்க்கமூலம். புள்ளி வைத்த இரண்டு மூலைகளுக்கு நடுவே உள்ள தூரம் ஒரு முகத்தின் மூலைவிட்டம், எட்டின் வர்க்கமூலம். இந்த மூன்று கோடுகளும் சேர்ந்த முக்கோணத்தில் கொசைன் விதியைப் போடுங்கள்: 8 = 3 + 3 − 6 × கொசைன். கொசைன் = −1/3. கால்குலேட்டரில் தலைகீழ் கொசைன் அமுக்கினால் 109.47 வரும். புள்ளிக்குப் பின்னால் இருப்பதை அறுபதால் பெருக்கினால் 28 நிமிடம். பழைய புத்தகங்களில் 109 டிகிரி 28 நிமிடம் என்று போட்டிருப்பது இதுவேதான், வேறு எண் இல்லை. வேதியியலே தெரியாத ஒருவர் வெறும் கனசதுரத்தை வைத்துக்கொண்டு இந்த எண்ணைக் கண்டுபிடித்துவிடலாம் என்பது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

பலூன் வெடித்த கதை

கிழங்கில் நாம்தான் குச்சிகளைக் கொண்டுபோய் மூலையில் குத்தினோம். மூலக்கூறில் யார் குத்துகிறார்கள்? இதற்குப் பலூன்.

நாலு பலூனை ஒரே அளவில் ஊதுங்கள். இரண்டிரண்டாகக் கழுத்தைச் சேர்த்து முடிச்சுப் போடுங்கள். அப்புறம் இரண்டு ஜோடிகளையும் கழுத்தோடு கழுத்தாக ஒரு முறுக்கு. கையை எடுத்தால் நாலும் ஒன்றையொன்று இடித்துத் தள்ளித் தானாகவே நான்முகியாக நிற்கும். மேசையில் அமுக்கித் தட்டையாக்கிப் பாருங்கள், கையை எடுத்ததும் பழையபடி துள்ளி எழும்.

இதைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஒரு பலூன் மாடிச் சுவரின் சொரசொரப்பில் பட்டு டப்பென்று வெடித்தது. பிள்ளைகள் சிரித்து ஓய்ந்து பார்த்தால், மிச்சம் இருந்த மூன்றும் ஒரே மட்டத்தில் விரிந்து தட்டையாகிவிட்டன. மின்விசிறி இறக்கை மாதிரி, நடுவில் 120 டிகிரி. நான் திட்டம் போட்டுக் காட்டியதைவிட அந்த வெடி நன்றாகப் பாடம் எடுத்தது.

உடனே அமோனியாவைப் பலகையில் எழுதினேன். நைட்ரஜனோடு சேர்ந்திருப்பது மூன்று ஹைட்ரஜன்தான். அப்படியானால் இதுவும் தட்டையாக 120-இல் இருக்க வேண்டாமா? இல்லை. அமோனியா பிரமிடு மாதிரி குவிந்திருக்கிறது, கோணம் சுமார் 107. ஏனென்றால் அதில் நாலாவது பலூன் வெடிக்கவில்லை, கண்ணுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். நைட்ரஜன் யாரோடும் பகிராமல் தனக்கே வைத்திருக்கும் எலக்ட்ரான் இரட்டை அது. தனித்த எலக்ட்ரான் இரட்டை என்கிறது பாடநூல்.

எண்ணும் முறை

இனி எந்த மூலக்கூறு வந்தாலும் வரிசை இதுதான்.

1. மைய அணு எது என்று பாருங்கள். ஹைட்ரஜன் ஒருபோதும் நடுவில் வராது, அதற்கு ஒரு கைதான்.

2. மைய அணுவின் வெளிக்கூட்டில் எத்தனை எலக்ட்ரான் என்று எழுதுங்கள். கார்பனுக்கு 4, நைட்ரஜனுக்கு 5, ஆக்சிஜனுக்கு 6.

3. பிணைப்புக்குச் செலவானதைக் கழியுங்கள், மிச்சத்தை இரண்டால் வகுங்கள். நைட்ரஜனில் 5-இல் 3 போக 2, அதாவது ஒரு தனித்த இரட்டை. ஆக்சிஜனில் 6-இல் 2 போக 4, இரண்டு தனித்த இரட்டை. அயனி (மின் சுமை ஏறிய துகள்) என்றால் நேர்மின் சுமை ஒவ்வொன்றுக்கும் ஓர் எலக்ட்ரானைக் குறைத்துக்கொள்ளுங்கள், எதிர்மின் சுமைக்குக் கூட்டிக்கொள்ளுங்கள்.

4. ஒட்டியிருக்கும் அணுக்களையும் தனித்த இரட்டைகளையும் கூட்டுங்கள். நாலு வந்தால் அடிப்படை நான்முகி. இரட்டைப் பிணைப்பை ஒன்றாகத்தான் எண்ண வேண்டும். கார்பன் டை ஆக்சைடில் கார்பனைச் சுற்றி நாலு கோடு இருந்தாலும் திசை இரண்டுதான், ஆகவே நேர்கோடு, 180 டிகிரி. இதில் வழுக்கி விழாத பிள்ளையை நான் பார்த்ததில்லை.

5. கடைசியாக வடிவத்துக்குப் பெயர் வைக்கும்போது அணுக்களை மட்டும் பாருங்கள். எலக்ட்ரான்கள் நாலு மூலையில்தான் இருக்கின்றன, ஆனால் பெயர் அணுக்களுக்கு. நாலு அணு என்றால் நான்முகி. மூன்று அணு, ஒரு தனித்த இரட்டை என்றால் முக்கோண பிரமிடு. இரண்டு அணு, இரண்டு தனித்த இரட்டை என்றால் வளைந்த வடிவம்.

இந்த முறைக்கு இணைதிறன் கூடு எலக்ட்ரான் இரட்டை விலக்கக் கொள்கை என்று மூச்சு முட்டும் பெயர். ஆங்கிலத்தில் VSEPR, பிள்ளைகள் சுருக்கமாக வெஸ்பர் என்கிறார்கள். சிட்ஜ்விக்கும் பவலும் 1940-இல் போட்ட அடித்தளத்தின் மேல் கில்லஸ்பியும் நைஹோமும் 1957-இல் கட்டியது. எஸ்.பி.3 இனக்கலப்பு என்று பாடத்தில் வருவது இதே வடிவத்தை ஆர்பிட்டால் (அணுவில் எலக்ட்ரான் இருக்கக்கூடிய இடம்) வழியாகச் சொல்லும் இன்னொரு பாஷை. முதல் நாளே இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

107, 104.5: குறைவது ஏன்?

காலையில் காசிமேட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில் வந்திருக்கிறீர்களா? பின் சீட்டில் மூன்று பேர் உட்கார்ந்திருப்போம், நாலாவதாக ஓர் அம்மா மீன் நிரம்பிய அன்னக்கூடையோடு ஏறுவார். ஆள் ஒருவர்தான், ஆனால் கூடையோடு சேர்த்து ஒன்றரை இடம். மற்ற மூன்று பேரும் தோளை ஒடுக்கிக்கொள்ள வேண்டியதுதான்.

தனித்த இரட்டை அந்தக் கூடைக்கார அம்மா. பிணைப்பில் இருக்கும் இரட்டையை இரண்டு அணுக்கரு இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிப்பதால் அது ஒல்லியாக இருக்கும். தனித்த இரட்டையை இழுக்க மைய அணு ஒன்றுதான். ஆகவே அது மையத்தின் அருகிலேயே அகலமாகப் பரவி, பிணைப்புகளை நெருக்குகிறது. மீத்தேனில் கூடை இல்லை, 109.5. அமோனியாவில் ஒரு கூடை, சுமார் 107. தண்ணீரில் இரண்டு, 104.5.

இதைக் கிழங்கில் காட்டலாம் என்று ஆசைப்பட்டுத் தோற்றவள் நான். கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். 10 சென்டிமீட்டர் குச்சியில் 109.5 என்றால் நுனிகளின் தூரம் 16.3, 107 என்றால் 16.1, 104.5 என்றால் 15.8. அமோனியாவுக்கும் மீத்தேனுக்கும் வித்தியாசம் 2 மில்லிமீட்டர். கிழங்கு காய்ந்தாலே அதைவிட அதிகம் சுருங்கும். ஆகவே அமோனியாவுக்கு ஒரு குச்சியை உருவிவிடுங்கள், தண்ணீருக்கு இரண்டை உருவிவிடுங்கள், மிச்சத்தைத் துளி உள்பக்கம் சாய்த்ததாக நினைத்துக்கொள்ளுங்கள்.

அமோனியா நமக்கு அந்நியமான சரக்கு இல்லை. மணலி உரத் தொழிற்சாலையில் யூரியாவுக்கு மூலப்பொருள் அதுதான். ஐஸ் பார் போடும் ஆலைகளில் குளிரூட்டியாக ஓடுவதும் அது. அந்தக் காரமான நெடி மூக்கில் ஏறியவர்களுக்கு நன்றாகத் தெரியும். அந்தத் தனித்த இரட்டையை ஒரு ஹைட்ரஜன் அயனிக்குக் கொடுத்துவிட்டால் அமோனியா, அமோனியம் ஆகிவிடும். கூடை இறங்கிவிட்டது, நாலு பேரும் சமம், கோணம் மறுபடி 109.5. தேர்வில் அமோனியாவையும் அமோனியத்தையும் ஒப்பிடச் சொல்லிக் கேட்டால் எழுத வேண்டியது இந்த ஒரு விஷயம்தான்.

விதி எங்கே நின்றுவிடும்

வெஸ்பர் முறை கோணம் கூடுமா குறையுமா என்று சொல்லும். எவ்வளவு என்று சொல்லாது. 107-ம் 104.5-ம் ஆய்வில் அளந்து கிடைத்தவை. தனித்த இரட்டை ஒன்றுக்கு இரண்டரை டிகிரி கழிக்க வேண்டும் என்று ஒரு குறுக்குவழி டியூஷன் வட்டாரத்தில் உலாவுகிறது. மூன்று மூலக்கூறுக்கு அது பொருந்துவது தற்செயல். ஹைட்ரஜன் சல்பைடுக்குப் போட்டுப் பாருங்கள். அழுகிய முட்டை நாற்றம் வீசுமே, அந்த வாயு. தண்ணீர் மாதிரியே இரண்டு அணு, இரண்டு தனித்த இரட்டை. ஆனால் கோணம் சுமார் 92. அமோனியாவில் நைட்ரஜனுக்குப் பதில் பாஸ்பரஸ் வைத்தால் பாஸ்பீன். அதில் சுமார் 93.5, அமோனியாவின் 107 எங்கே, இது எங்கே. மைய அணு பெரிதாகிப் பிணைப்பு நீளும்போது பிணைப்பு இரட்டைகளின் நெரிசல் குறைகிறது, கோணமும் 90 பக்கமாக இறங்குகிறது.

நைட்ரஜன் டிரைஃபுளோரைடில் சுமார் 102. ஃபுளோரின் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் மையத்தின் அருகே பிணைப்பு இரட்டைகள் மெலிந்துவிடுகின்றன, தனித்த இரட்டைக்குக் கொண்டாட்டம்.

இன்னொன்று. நாலு பிணைப்பு இருந்தாலே சரியாக 109.5 என்று எழுதிவிடாதீர்கள். நாலும் ஒரே அணுவாக இருந்தால்தான் அந்தச் சுத்தமான எண். மீத்தேனும் கார்பன் டெட்ராகுளோரைடும் அப்படி. முன்னால் பார்த்த டைகுளோரோமீத்தேனில் இரண்டு குளோரின்களுக்கு நடுவே சுமார் 112. அதுவும் நான்முகிதான், கொஞ்சம் கோணிய நான்முகி.

ஐஸ் பெட்டியில் ஒரு நான்முகி

தண்ணீர் மூலக்கூறு வளைந்தது என்று படித்தோம். அது உறையும்போது மறுபடி நாலு மூலை திரும்பி வருகிறது. ஒவ்வொரு ஆக்சிஜனும் தன் இரண்டு ஹைட்ரஜனால் இரண்டு பக்கத்து மூலக்கூறுகளைத் தொடுகிறது. தன் இரண்டு தனித்த இரட்டைகளில் இன்னும் இரண்டு பக்கத்து மூலக்கூறுகளின் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்கிறது. மொத்தம் நாலு அண்டை வீட்டார், நடுவே ஏறக்குறைய 109.5. இப்படி ஒழுங்காக நின்றால் நடுநடுவே காலி இடம் விழும். அதனால் பனிக்கட்டி தண்ணீரைவிட அதிக இடம் பிடிக்கிறது, அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.917 கிராம். மீன் டப்பாவில் தண்ணீர் நின்றால் உடைத்த ஐஸ் மேலே மிதப்பது இதனால்தான். வைரத்திலும் ஒவ்வொரு கார்பனைச் சுற்றி இதே நாலு மூலைதான் என்று 1913-இல் இயற்பியலாளர்கள் பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர் கொண்டு காட்டினார்கள்.

நீங்களே போட்டுப் பார்க்க

ஐந்து பெயர் தருகிறேன்: குளோரோஃபார்ம் (CHCl₃), ஹைட்ரோனியம் அயனி (H₃O⁺), போரான் டிரைஃபுளோரைடு (BF₃), சிலேன் (SiH₄), மெத்தனால் (CH₃OH). விடையைப் பார்க்கும் முன் ஐந்தையும் தாளில் எண்ணிவிடுங்கள்.

குளோரோஃபார்ம்: நாலு அணு, தனித்த இரட்டை இல்லை, கொஞ்சம் கோணிய நான்முகி. ஹைட்ரோனியம்: ஆக்சிஜனின் 6-இல் நேர்மின் சுமைக்கு 1 போக 5, அதில் 3 பிணைப்புக்குப் போக ஒரு தனித்த இரட்டை, ஆகவே அமோனியா மாதிரி பிரமிடு. போரான் டிரைஃபுளோரைடு: போரானுக்கு மூன்றே எலக்ட்ரான், மூன்றும் செலவு, நாலாவது பலூன் நிஜமாகவே இல்லை, தட்டை, 120. சிலேன்: கார்பனுக்குப் பதில் சிலிக்கான், மற்றபடி மீத்தேன்தான், 109.5.

மெத்தனாலில் எது மைய அணு என்று திணறியிருந்தால் சந்தோஷம். இரண்டு மையம் உண்டு, தனித்தனியாக எண்ண வேண்டும். கார்பனைச் சுற்றி நாலு அணு, நான்முகி. ஆக்சிஜனைச் சுற்றி இரண்டு அணு, இரண்டு தனித்த இரட்டை, வளைந்த வடிவம், கோணம் சுமார் 108. இதற்கு இரண்டு கிழங்கு வேண்டும், நடுவில் ஒரே குச்சி.